ராப் ராய் மக்கிரெகர்: மக்கள் வீரரா, கடனைத் திருப்பித் தராத மாட்டு வணிகரா?

சுவடித்தேடல் எழுதியது:

ஸ்காட்லாந்தின் ராப் ராய் மக்கிரெகரைப் பற்றி இக்குழுவில் அண்மையில் எழுதிய நண்பர்கள் பலர், செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவர் என்று அவரை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் 1671-ல் கேட்ரின் ஏரியின் தலைப்பகுதியிலுள்ள கிளென்கைலில், மக்கிரெகர் குலத்தின் ஒரு முதன்மைக் கிளையில், நிலமும் ஆளும் உடைய குடும்பத்தின் மூன்றாம் மகனாகப் பிறந்தார். தாய் மார்கரெட், வலிமை மிக்க கேம்பெல் குலத்தைச் சேர்ந்தவர். லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் கிரெய்க்ரோஸ்டன், இன்வர்ஸ்நெய்ட் ஆகிய நிலங்கள் ராப் ராயின் கையில் இருந்தன. மாடு வாங்கி விற்பது அவருடைய தொழில். பெருமக்களோடு கடிதம் எழுதிப் பழகும் அளவுக்குக் கல்வியும் இருந்தது. ஆகவே கூரையில்லாத குடியானவர் ஒருவர் கொதித்தெழுந்த கதை அன்று இது.

1712 ஜூனில் எடின்பரோவின் செய்தித்தாள் ஒன்றில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. ராபர்ட் கேம்பெல் என்றும், பரவலாக ராப் ராய் மக்கிரெகர் என்றும் அறியப்பட்டவர், மலைநாட்டில் மாடு வாங்குவதற்காகப் பெருமக்கள் பலர் நம்பிக் கொடுத்த பணத்தில் 1000 பவுண்டு வரை எடுத்துக்கொண்டு தலைமறைவாகிவிட்டார் என்பது அதன் சாரம். பணம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் மான்ட்ரோஸ் கோமகன். அடுத்த பத்தாண்டுகளுக்கு மேல் ராப் ராய் நடத்திய பகை முழுவதும் கடன் கொடுத்த இந்த ஒருவரோடு நடத்தியதே. அரியணை இழந்த ஸ்டூவர்ட் மரபினருக்காக எழுந்த 1715 கிளர்ச்சியில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதிலும், 1725-ல் அரசுக்கு அவர் எழுதிய கடிதத்திலும் இன்னும் பேச வேண்டியவை உள்ளன. அவற்றைப் பிறகு சொல்கிறேன். முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பூசலில் ஏழை எங்கே இருக்கிறார்?

மலைக்காற்று எழுதியது:

ஐயா, நீங்கள் கணக்கை 1712-ல் தொடங்குகிறீர்கள். அதுவே மான்ட்ரோஸ் கோமகன் தொடங்க விரும்பிய இடமுமாகும். நான் 1603-லிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் மக்கிரெகர்களுக்கும் கொக்ஹூன் குலத்தாருக்கும் நடந்த சண்டையில் கொக்ஹூன் பக்கம் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். அதற்குத் தண்டனையாக, ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் ஆட்சிக்குழு, சண்டையிட்டவர்களைத் தேடிப் பிடிப்பதோடு நிற்காமல், மக்கிரெகர் என்னும் பெயரையே தடை செய்தது. அப்பெயரைச் சூடுவது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. குலத்தலைவர் அலாஸ்டேர் 1604-ல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். தடை 1661-ல் நீங்கியது. 1693-ல் வில்லியம் மன்னரின் ஆட்சியில் மீண்டும் வந்தது. முடிவாக நீங்கியது 1774-ல். ராப் ராய் மணமுடித்ததும் அதே 1693-ல்தான். இருபத்திரண்டு வயதில், குடும்பம் தொடங்கிய ஆண்டிலேயே, தந்தையின் பெயர் சட்டப்படி அவருக்கு இல்லாமற் போயிற்று. நீங்கள் எடுத்துக்காட்டிய விளம்பரம் அவரைக் கேம்பெல் என்று முதலிற் சொல்வது ஏன் என்று இப்போது விளங்கும். அது ஏமாற்றுவதற்காக அவர் வைத்துக்கொண்ட மறுபெயர் அன்று. சட்டம் அவரைத் தாயின் குலப்பெயருக்குள் ஒதுங்கவைத்தது.

ஒரு மனிதருக்குப் பெயரைக்கூடத் தராத சட்டம், அவர் வாங்கிய கடனுக்கு மட்டும் முழு நேர்மையோடு தீர்ப்பளிக்கும் என்று நம்பச் சொல்கிறீர்கள். 1717-ல் கிளர்ச்சியாளர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியபோது, மற்றக் குலங்களில் ஆயிரக்கணக்கானோர் மன்னிக்கப்பட, மக்கிரெகர் குலத்தார் அனைவரும் குலமாகவே விலக்கி வைக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ராப் ராயின் மீது அம்மலைநாட்டு மக்கள் வைத்த பற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அவர் சட்டத்தை மீறினார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவரைச் சட்டம் முதலிலேயே வெளியே நிறுத்திவிட்டது என்கிறேன் நான்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

இருவருமே அந்த 1000 பவுண்டைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று பார்க்காமல் அதைத் திருட்டு என்றோ திருட்டில்லை என்றோ சொல்லிவிட முடியாது.

மலைநாட்டில் விளைச்சல் குறைவு. பணமாக மாறக்கூடிய ஒரே பொருள் மாடு. 1707-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றிணைந்தபின் தெற்கின் பெருஞ்சந்தைக்குச் சுங்கமின்றி மாடு அனுப்ப வழி பிறந்தது. முன்பணம் வைத்திருப்பவர் தாழ்நிலத்துப் பெருமகன். மாட்டை அறிந்தவர் மலைநாட்டு வணிகர். ஆண்டின் முற்பகுதியில் பெருமகன் பணம் தருவார். வணிகர் பள்ளத்தாக்குகளில் ஒன்றிரண்டாக மாடு திரட்டி, ஆட்களை வைத்து மெல்ல ஓட்டி, இலையுதிர் காலத்தில் கிரீஃப் சந்தையில் விற்று, ஆதாயத்தைப் பகிர்ந்துகொள்வார். ஈடு என்று சொல்லத்தக்கது வணிகரின் சொல்லும், அவருக்கு நிலம் இருந்தால் அந்த நிலமும்தான். இந்த ஏற்பாட்டில் ஒரு பருவம் தவறினால் வணிகர் நொடித்துப்போவார், அதில் வியப்பில்லை.

பணத்தோடு ஓடியது ராப் ராயின் தலைமை மாடோட்டி, மக்டொனால்டு என்னும் ஒருவர் என்று மரபு சொல்கிறது. இது ராப் ராயின் தரப்பிலிருந்து வந்த கதை. விளம்பரமோ கடன் கொடுத்தவர்களின் தரப்பிலிருந்து வந்தது. இரண்டுமே கட்சிக்காரர்களின் சாட்சியம். ராப் ராய் நீதிமன்றத்தில் நிற்காமல் ஓடிவிட்டாரே என்று கேட்கலாம். அக்காலத்தில் கடனைத் தீர்க்க முடியாதவருக்குக் காத்திருந்தது சிறை. சிறைக்கு அஞ்சி ஓடியவரெல்லாம் முன்கூட்டியே ஏமாற்றத் திட்டமிட்டவர் ஆகிவிட மாட்டார். ஆகவே 1712-ஐப் பொறுத்தவரை ஐயத்தின் பயனை அவருக்குத் தருகிறேன்.

ஆனால் அவருடைய மற்றொரு வருமானத்தை இருவரும் மறந்துவிட்டீர்கள். தாழ்நில எல்லையில் உள்ள நிலக்காரர்களிடம் ஆண்டுதோறும் காவல்கூலி வாங்கிக்கொண்டு, அவர்களுடைய மாடுகள் திருடுபோகாமல் பார்த்துக்கொள்வதும், திருடுபோனால் மீட்டுத் தருவதும் அவர் ஏற்ற பொறுப்பு. மீட்டும் தந்தார்; அதில் அவருக்கு நல்ல பெயரும் இருந்தது. கூலி தராதவருடைய தொழுவம் என்ன ஆனது என்பதே கேள்வி. காவல்காரர் யார், எவருக்கு அஞ்சிக் காவல் தேவைப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால், அந்த இரண்டு பட்டியல்களிலும் சில பெயர்கள் பொதுவாக இருக்கும். இதைச் செய்தவர் ராப் ராய் மட்டுமல்லர் என்பதும் உண்மையே. எல்லைப்புறப் பெருங்குடும்பங்கள் பலவற்றின் வழக்கம் அது. அரசே சில வேளைகளில் இத்தகைய காவற்படைகளுக்கு ஒப்புதல் தந்தது.

சுவடித்தேடல் எழுதியது:

கணக்கப்பிள்ளை ஐயா நடுநிலையோடு எழுதியிருக்கிறார். ஆனால் காவல்கூலியைச் சற்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டார். 1691-ல் கிப்பெனில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். லிவிங்ஸ்டன் பிரபுவுக்கு உரிய மாட்டு மந்தையை இளைஞரான ராப் ராயின் கூட்டம் வழிமறித்துக் கைப்பற்றியது. பிரபுவின் மாடு என்றவரையில் உங்கள் வீரக்கதை நிற்கும். அப்பகுதிக் குடியானவர்கள் குறுக்கே வந்து தடுக்க முயன்றபோது, கிப்பென் ஊராரின் தொழுவங்களில் கிடந்த மாடுகளையும் சேர்த்து ஓட்டிச் சென்றார்கள் என்றே அவ்வட்டார மரபு நினைவில் வைத்திருக்கிறது. நூறாண்டு கழிந்த பின்பும் அந்தக் கொள்ளைக்குத் தனிப்பெயர் சொல்லிப் பேசினார்கள். ஒரு குடியானவருக்கு மாடு போவது என்றால் என்னவென்று மலைக்காற்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர்த்தடையின் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கொடுமை மக்கிரெகர் குலத்தார் அனைவர்மீதும் விழுந்தது. அவர்களுள் மிகப் பலர் நாடறிந்த கொள்ளையர் ஆகவில்லை. 1712 வரை ராப் ராயே அந்தத் தடைக்குள் நன்றாக வாழ்ந்து, நிலம் சேர்த்து, எந்தக் கோமகனைப் பின்னர் தம் பகைவர் என்றாரோ அவரிடமே ஆண்டுக்காண்டு முன்பணம் வாங்கினார். தடை அவரை வெளியே நிறுத்தியிருந்தால் கோமகன் எப்படி ஆயிரத்தை நம்பிக் கொடுத்திருப்பார்?

இனி 1715. ஜேக்கபைட்டுகள் ஸ்டூவர்ட் மரபினரை மீண்டும் அரியணையேற்றக் கிளர்ந்தபோது மக்கிரெகர்களும் எழுந்தார்கள், லோமண்ட் ஏரியின் படகுகளைக் கைப்பற்றினார்கள், ஏற்கிறேன். நவம்பர் 13 அன்று ஷெரிஃப்மூரில் பெரும்போர் நடந்தது. ராப் ராய் தம் ஆட்களோடு அருகில் இருந்தும் போரில் இறங்கவில்லை. எதிரே அரசுப் படையை நடத்தியவர் ஆர்கைல் கோமகன், அதாவது கடன் கொடுத்தவர்களிடமிருந்து தப்பிய ராப் ராய்க்கு நிழல் தந்தவர். இதை உங்கள் வீரக்கதை எந்த இடத்தில் வைக்கப்போகிறது? போர் ஓய்ந்தபின் ஃபைஃப் பகுதியின் ஃபால்க்லாந்தில் தங்கி, அவ்வூர்ப்புறங்களைச் சூறையாடியதில் மட்டும் அவருடைய ஆட்கள் தயங்கவில்லை.

மலைக்காற்று எழுதியது:

ஷெரிஃப்மூரைப் பற்றி நீங்கள் சொன்னது நடந்ததுதான். அதற்கு நான் தரும் விளக்கம் வேறு. அந்தப் போரில் ஜேக்கபைட் தலைவரான மார் பிரபுவிடம் எதிரியைப்போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட படை இருந்தது. இருந்தும் அவர் வெல்லவில்லை. தாக்கச் சொன்னபோது, நானில்லாமல் அவர்களால் முடியாதென்றால் நானிருந்தும் முடியாது என்று ராப் ராய் விடை சொன்னதாக ஒரு மரபுண்டு. அது உண்மையோ பிற்காலப் புனைவோ, அன்று தலைமை எந்த நிலையில் இருந்தது என்பதைச் சரியாகவே சொல்கிறது. தம்மைக் காத்தவரின் படையை வெட்டுவதா, தம் மன்னருக்கு எதிராக நிற்பதா என்ற நிலையில் ஒருவர் இரண்டையும் செய்யாமல் நின்றார். அதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள், நன்றி மறப்பதற்கு என்ன பெயர் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது 1716 நவம்பருக்கு வாருங்கள். மான்ட்ரோஸ் கோமகனின் காரியஸ்தரான கில்லெர்ன் கிரஹாம், சாப்பெல்லாரோக் என்னுமிடத்தில் குத்தகைப் பணம் வாங்கிக்கொண்டிருந்தபோது ராப் ராய் ஆட்களோடு நுழைந்து அவரைப் பிடித்தார். அங்கேயே கிரஹாமின் கையாலேயே கோமகனுக்கு ஒரு கடிதம் எழுதவைத்தார். ராப் ராய் தர வேண்டிய கடன் முழுவதையும் தள்ளுபடி செய்ய வேண்டும். கிரெய்க்ரோஸ்டனிலும், ஆக்கின்சிசல்லன் வீட்டிலும் அவருக்கு நேர்ந்த இழப்புக்கு 3400 மெர்க் (அக்கால ஸ்காட்லாந்து நாணயம்) ஈடு தர வேண்டும். இனித் தொல்லை தருவதில்லை என்று கோமகன் வாக்களிக்க வேண்டும் என்பவை அதிலுள்ள கோரிக்கைகள். கடிதம் இன்றும் இருக்கிறது. கோமகன் இணங்கவில்லை. கேட்ரின் ஏரித் தீவொன்றில் கிரஹாமைச் சில நாள் வைத்திருந்த ராப் ராய், அவரை ஒரு கீறலுமின்றி விட்டுவிட்டார். கணக்குப் புத்தகங்களையும் பத்திரங்களையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பணத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

இந்த கிரஹாம்தான் ராப் ராயின் மனைவி மேரியையும் குழந்தைகளையும் நிலத்திலிருந்து வெளியேற்றியவராக மக்கள் நினைவில் நிற்பவர். அவ்வெளியேற்றத்தின்போது மேரிக்கு இழைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கொடுமைகள் வாய்வழிக் கதைகள். அவற்றை நான் சான்றாக வைக்கவில்லை. ஆனாலும் வீட்டை இழந்த ஒருவர், வீட்டைப் பறித்தவரைக் கையில் வைத்துக்கொண்டு, உயிரைக் கேட்காமல் வரவுசெலவு பேசினார் என்பதைக் கவனியுங்கள். கொள்ளையர் இப்படிப் பேசமாட்டார். தமக்குப் பாக்கி இருப்பதாக மனமார நம்புகிறவர் பேசுவார்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அந்தப் பணம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லையே. அன்று வரிசையில் நின்று குத்தகை கட்டியவர்கள் கோமகனின் சிறு குடியானவர்கள். ரசீது வாங்கியவர்களுக்குக் கவலையில்லை, இழப்பு கோமகனுடையது. ரசீது வாங்குமுன் பணத்தை மேசைமேல் வைத்திருந்தவரின் நிலை என்ன?

கோமகனின் தானியக் களஞ்சியங்கள் பற்றியும் இதேபோல ஒரு செய்தி வழங்குகிறது. குத்தகையாக அளக்கப்பட்ட மாவை ராப் ராய் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்வார். சில வேளை தமக்கு, சில வேளை அவ்வட்டாரத்தில் பசித்தவர்களுக்கு. ஒவ்வொரு முறையும் தம் பெயரில் முறையாக ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, கோமகனோடு பின்னர் கணக்குப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வாராம். இது உண்மையென்றால், சுவடித்தேடல் ஐயா முதலில் கேட்ட கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கிறது. ஏழை அங்கே இருக்கிறார். ஆனால் பூசலின் காரணமாக இல்லை, பூசலின் ஓரத்தில் கொஞ்சம் மாவு பெற்றவராக இருக்கிறார். கோமகனைச் சீண்டவும் குடியானவரைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளவும் அதைவிட மலிவான வழி வேறில்லை என்பதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நல்ல வணிகர் அப்படித்தான் செய்வார்.

ஏரிக்கரையாள் எழுதியது:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கதை எங்கிருந்து வந்தது என்பதை மூவரும் விட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

குத்தகை கட்ட முடியாத கைம்பெண்ணுக்கு ராப் ராய் பணம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லி, காரியஸ்தர் பணத்தோடு திரும்பும் வழியில் மறித்து அதே பணத்தைப் பறித்துக்கொண்ட கதை உங்கள் அனைவருக்கும் தெரிந்திருக்கும். அவரை ஏழைகளின் காவலர் ஆக்கியதில் அக்கதைக்குப் பெரும்பங்கு உண்டு. அதே கதையை அமெரிக்காவில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்னும் கொள்ளையரைப் பற்றியும் சொல்கிறார்கள். வேறு நாடுகளின் கொள்ளையர்களைப் பற்றியும் சொல்கிறார்கள். நாடு மாறும்போது குதிரையும் துப்பாக்கியும் மாறுகின்றன. கைம்பெண்ணும் ரசீதும் மாறுவதில்லை. ஆகவே அதை ராப் ராயின் வாழ்வுக்குச் சான்றாக எவரும் வைக்கக்கூடாது. ஆனால் எவர்மேல் அக்கதை ஒட்டிக்கொள்கிறது என்பது தற்செயல் அன்று. கில்லெர்ன் கிரஹாமின் மேல் அது ஒட்டவில்லையே.

வால்டர் ஸ்காட்டின் ‘ராப் ராய்’ நாவலே இந்தப் புகழைப் படைத்தது என்பாரும் உண்டு. 1817-ன் இறுதியில் வெளிவந்த அந்நாவல் முதற்பதிப்பில் 10,000 படிகள் அச்சாகி மிக விரைவில் விற்றது. உண்மையில் அதில் ராப் ராய் நாயகர் அல்லர்; பிராங்க் ஆஸ்பால்டிஸ்டன் என்னும் இலண்டன் வணிகரின் மகன் தன் கதையைச் சொல்ல, ராப் ராய் இடையிடையே தோன்றி மறைகிறார். மனைவிக்கு ஹெலன் என்று பெயரிட்டதும் ஸ்காட்தான். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது அரங்கில் அமர்ந்து பார்த்தது அந்நாவலிலிருந்து எழுந்த நாடகத்தை. அதே வருகையின்போது ஸ்காட்லாந்தின் முடியையும் வாளையும் செங்கோலையும் காத்துச் சென்ற படையில் மக்கிரெகர் குலத்தார் இருந்தார்கள். பெயர்த்தடை நீங்கி ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை. அரசுக்கு இனி ஆபத்தில்லாத கொள்ளையரை அரசரே கைதட்டி வரவேற்கலாம்.

ஆனால் புகழ் ஸ்காட்டோடு தொடங்கியது என்பது தவறு. ராப் ராய் உயிரோடிருக்கும்போதே, 1723-ல், அவருடைய வாழ்க்கை என்று சொல்லிக்கொண்ட ஒரு சிறுநூல் இலண்டனில் விற்பனைக்கு வந்தது. ஸ்காட்டுக்குப் பத்தாண்டுக்கு மேல் முந்திய வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை, அவருடைய கல்லறையைப் பாடி ராபின் ஹூட்டோடு ஒப்பிடுகிறது. நாவலாசிரியர் வெறுந்தரையில் கட்டவில்லை.

சுவடித்தேடல் எழுதியது:

ஏரிக்கரையாள் அம்மா சொன்னதில் எனக்குப் பெரிய மாறுபாடில்லை. கதையின் வரலாறு வேறு, மனிதரின் வரலாறு வேறு என்றுதான் நானும் சொல்கிறேன். மனிதரின் வரலாற்றில் நான் ஒதுக்கி வைத்திருந்த ஆவணத்தை இப்போது வைக்கிறேன்.

1725-ல் அரசுப் படையின் ஜெனரல் வேடு மலைநாட்டில் ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய வந்தபோது, ராப் ராய் அவருக்குப் பணிவுக் கடிதம் ஒன்று எழுதினார். 1715-ல் தாம் கிளர்ச்சியில் சேர்ந்தது விருப்பத்தால் அன்று. மான்ட்ரோஸ் கோமகன் கடனுக்காகத் தொடுத்த வழக்கால் அரசுப் பக்கம் போனால் சிறை காத்திருந்தது என்கிறார். அடுத்ததாக, கிளர்ச்சியாளர்களோடு இருந்த காலத்தில் அவர்களுடைய படைவலிமையையும் நிலையையும் பற்றித் தமக்குக் கிடைத்த செய்திகளையெல்லாம் ஆர்கைல் கோமகனுக்கு அவ்வப்போது அனுப்பிவந்ததாகவும், அதற்குக் கோமகனே சாட்சி என்றும் எழுதுகிறார். ஷெரிஃப்மூரில் அசையாமல் நின்றதை நன்றியுணர்வு என்று மலைக்காற்று அவர்கள் விளக்கினார்கள். ராப் ராயே அதைவிட எளிய விளக்கம் தருகிறார்: அவர் மறுபக்கத்துக்கு ஒற்றராக இருந்தார். அவர் பக்கத்தில் படுத்துறங்கிய மலைநாட்டு வீரர்களின் எண்ணிக்கையையும் இருப்பிடத்தையும் எதிர்ப்படைத் தலைவருக்கு எழுதி அனுப்பியவரை, அந்த மலைநாட்டின் வீரர் என்று எப்படி அழைப்பது?

மலைக்காற்று எழுதியது:

அக்கடிதத்தை நானும் அறிவேன். மன்னிப்பு வேண்டி எழுதப்பட்ட மனு அது. அப்படிப்பட்ட மனுவில் எவர் என்ன எழுதுவார் என்பதை நினைத்துப் பாருங்கள். மன்னிப்புக்கு விலையாக வைக்க அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. ஆர்கைலோடு அவருக்கு 1715-ல் தொடர்பு இருந்தது என்பதை மறுக்கவில்லை. கடிதத்தில் சொன்ன அளவுக்கு இருந்ததா என்பதே ஐயம்.

ஒற்றர் என்ற உங்கள் முடிவுக்கு இரண்டு நிகழ்ச்சிகள் குறுக்கே நிற்கின்றன. 1717 ஜூனில் அத்தோல் கோமகன் அவரைப் பிடித்து லோகிரெய்ட்டில் அடைத்தார். சில நாளிலேயே ராப் ராய் தப்பிவிட்டார். காவலருக்கு விஸ்கி ஊற்றிவிட்டுக் குதிரையேறியதாகக் கதை. அம்மாத இறுதியில் பால்க்விடர் என்னும் ஊரிலிருந்து அவர் வெளியிட்ட அறிக்கையில், ஆர்கைல் கோமகனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னால் உயிரும் பொருளும் தருவதாக மான்ட்ரோசும் அத்தோலும் ஆசைகாட்டினார்கள் என்றும், தாம் மறுத்தார் என்றும் சொல்கிறார். ஆர்கைல் அப்போது அரசவையின் தயவை இழந்து பதவி பறிக்கப்பட்டிருந்தவர். வீழ்ந்துகொண்டிருந்த புரவலரை விற்றுத் தம் தலையைக் காத்துக்கொள்ள அதைவிட நல்ல வேளை வாய்த்திருக்காது. அவர் விற்கவில்லை.

இரண்டாவது, 1719. ஸ்பெயினிலிருந்து வந்த படைவீரர்களோடு ஜேக்கபைட்டுகள் கிளென் ஷீலில் நின்றபோது, ராப் ராய் ஏறத்தாழ 40 மக்கிரெகர்களோடு போர்க்களத்தில் இருந்தார். ஆர்கைலின் ஆளாக ஒதுங்கி வாழ்வதே நோக்கம் என்றால், ஏற்கெனவே மன்னிப்பு மறுக்கப்பட்டு நாற்பத்தெட்டு வயதாகிவிட்ட ஒருவர், தோற்கப்போவது ஏறக்குறைய உறுதியான போருக்கு ஏன் போனார்? அதில் அவருக்கு ஆதாயம் என்ன? கணக்கப்பிள்ளை ஐயாகூட இதற்கு வரவுப் பக்கத்தில் எதையும் எழுத முடியாது.

மேலும் ஒன்று. 1712-க்கும் 1725-க்கும் இடையில் அவரைப் பிடித்தவர்கள் இருவர், இருவரும் கோமகன்கள். மான்ட்ரோஸ் ஆட்களோடு வந்து பால்க்விடரில் வளைத்துப் பிடித்தார். ஃபோர்த் ஆற்றுத்துறையைக் கடக்கும்போது ராப் ராய் கட்டறுத்து நீரில் குதித்துத் தப்பினார். அத்தோல் நயந்து வரவழைத்துப் பிடித்தார். நடுவில் இருந்த அத்தனை ஆண்டும் அவர் தங்கியது குடிசைகளிலும் மேய்ச்சற்காடுகளிலும். காட்டிக்கொடுத்தால் பரிசு என்று எல்லோருக்கும் தெரியும்.

சுவடித்தேடல் எழுதியது:

1717 அறிக்கையை எழுதியவரும் ராப் ராயே. 1725 கடிதம் தன்னலத்துக்காக எழுதியது, ஆகவே நம்பத்தக்கதன்று என்றால், 1717 அறிக்கையும் தன்னலத்துக்காக எழுதியதே. ஆர்கைல் அதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதினார். ஆர்கைலின் நிழல் அவருக்கு அதன்பின்னும் தேவைப்பட்டது. ஒன்றை மனுவென்று தள்ளிவிட்டு மற்றொன்றை வாக்குமூலமாக ஏற்க முடியாது. கிளென் ஷீலைப் பற்றி நீங்கள் சொன்னது வலுவானது. அதற்கு என்னிடம் எளிய விடையில்லை.

குடியானவர்கள் காட்டிக்கொடுக்காததற்கு அன்பு ஒன்றே காரணம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பரிசு ஒருமுறை கிடைக்கும். அவருடைய ஆட்களோ அடுத்த பள்ளத்தாக்கிலேயே இருப்பார்கள். கிப்பென் ஊராருக்கு அது தெரியும்.

ஏரிக்கரையாள் எழுதியது:

அச்சத்தால் ஒருவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். அச்சத்தால் அவரைப் பற்றி நூறாண்டு கழித்தும் விரும்பிக் கதை சொல்ல மாட்டார்கள். அவர் போனபின் அஞ்ச வேண்டிய தேவையே இல்லையே.

கணக்கப்பிள்ளை எழுதியது:

அம்மா, அதற்கு விடை அவருடைய பிள்ளைகளிடம் இருக்கிறது. ராப் ராய் மன்னிப்புப் பெற்று, பால்க்விடரில் குடியிருந்து, முதுமையில் கத்தோலிக்கராகி, 1734 டிசம்பர் 28 அன்று தம் வீட்டிலேயே இறந்தார். மகன் ஜேம்ஸ் மோர், ஜேக்கபைட்டுகள் மீண்டும் எழுந்த 1745 கிளர்ச்சியில் பிரெஸ்டன்பேன்ஸ் போரில் காயம்பட்டார். பின்னர் இரண்டு பக்கத்துக்கும் செய்தி விற்றார். எடின்பரோக் கோட்டையிலிருந்து தப்பினார். 1754-ல் பாரிசில் வறுமையில் இறந்தார். இளையவர் ராபின் ஓய்க் 1736-ல் மக்லாரன் ஒருவரை ஏர் உழுதுகொண்டிருக்கையில் சுட்டார்; 1750-ல் ஜீன் கே என்னும் இளம் கைம்பெண்ணை அவருடைய சொத்துக்காக இரவில் வீடு புகுந்து தூக்கிச் சென்று கட்டாய மணம் செய்தார்; அதற்காக 1754 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார்.

இரு பக்கமும் பேசுதல், சிறையிலிருந்து தப்புதல், ஆளைத் தூக்கிச் சென்று பணம் கேட்டல் ஆகிய மூன்றையும் தந்தையும் செய்தார். பிள்ளைகளை யாரும் மக்கள் வீரராகப் போற்றவில்லை. தந்தையின் காலத்தில் மலைநாடு தன் ஆயுதத்தோடும் குலத்தலைவர்களோடும் நின்றது. பிள்ளைகள் அகப்பட்டது 1746-ல் கல்லோடன் போரில் ஜேக்கபைட்டுகள் தோற்றதற்குப் பிறகு. அரசின் கை அப்போது பால்க்விடரின் கடைசி வீடுவரை நீண்டிருந்தது.

மலைக்காற்று எழுதியது:

அந்த ஒப்பீட்டில் ஒன்றை விட்டுவிட்டீர்கள், ஐயா. தந்தை தூக்கிச் சென்றது ஆயுதம் தாங்கிய கோமகனின் காரியஸ்தரை. மகன் தூக்கிச் சென்றது பத்தொன்பது வயதுகூட நிறைந்திராத ஒரு பெண்ணை என்று சொல்வார்கள். காரியஸ்தர் கணக்குப் புத்தகத்தோடு வீடு திரும்பினார். ஜீன் கே அடுத்த ஆண்டே இறந்தார். இவ்விரண்டையும் ஒரே செயல் என்று நீங்கள் எழுதலாம், பால்க்விடர்க்காரர்கள் எழுதவில்லை.